ஒரே குன்று, ரெண்டு சாமி: முறைப் பத்திரம் எழுதுறது எப்படி, ஜெருசலேமைப் பார்த்து கத்துக்கிட்டது

நான் ஊத்தங்கரை பக்கம் பத்திரம் எழுதுறவன். கிரயம், பாகப்பிரிவினை, தானம்னு 20 வருஷத்துக்கு மேல எழுதியாச்சு, ஆனா இந்தத் தொழில்ல ரொம்ப கஷ்டமானது எதுன்னு கேட்டா ரெண்டு ஜனமும் கும்பிடுற ஒரே இடத்துக்கு முறை எழுதிக் கொடுக்கிறதுதான். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பாறை மேல தர்கா இருக்கும், அடிவாரத்துல முனியப்பன் இருப்பாரு, ஏறுற படி ஒண்ணு, சுனை ஒண்ணு, புளியமரம் ஒண்ணு. தலைமுறையா மாமா, மாப்ளன்னு கூப்பிட்டுப் பழகின ஜனம்தான், ஒரு நாள் ஏதோ சின்ன விஷயத்துல முறுக்கிக்கும், அப்புறம் தாலுக்கா ஆபீஸ்ல ஆளுக்கொரு பெஞ்சுல மூஞ்சிய திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கும்.

அப்படி ஒரு குன்றுக்கு நான் முதல்ல எழுதின பேப்பர் மூணு வருஷம் கூட தாங்கல. ஏன் தாங்கலன்னு ரொம்ப நாள் மனசுல உறுத்திட்டே இருந்துச்சு. அந்த சமயத்துலதான் எலத்தகிரியில இருந்து ஜெருசலேம் யாத்திரை போயிட்டு வந்த ஒரு அக்கா வீட்டுப் பத்திரம் விஷயமா வந்தாங்க, போன்ல ஒரு போட்டோ காட்டினாங்க. கல்லறைக் கோயில் வாசலுக்கு மேல ஒரு ஜன்னல், அதுக்குக் கீழ சாத்தி வெச்ச சின்ன மர ஏணி. "இத யாரும் தொட மாட்டாங்களாம் தம்பி, தொட்டா சண்டையாம்"னு சொன்னாங்க. 1728-ல வரைஞ்ச ஒரு படத்துலயே அந்த ஏணி அங்க இருக்கு. அன்னிக்கு ஆரம்பிச்சு கிடைச்சதெல்லாம் படிச்சேன். நம்ம குன்றுக்கு என்ன எழுதணும், எதை விட்டா வெடிக்கும்னு எனக்குப் புரிய வெச்சது அந்த ஊருதான், அதனால இனிமே இந்த வேலைக்கு உக்கார்றவங்களுக்காக படிப்படியா சொல்றேன்.

அந்த ஊர் எவ்ளோ பெருசுன்னு முதல்ல மனசுல வாங்கிக்கோங்க. மதில் சுவருக்குள்ள இருக்கிற பழைய ஜெருசலேம் ஒரு சதுர கிலோமீட்டர் கூட இல்ல, சுமார் 220 ஏக்கர், நம்ம பக்கம் ஒரு நடுத்தர ஏரியும் ஆயக்கட்டும் சேர்ந்தா வர்ற அளவு. அதுக்குள்ள இயேசுவோட கல்லறைன்னு கிறிஸ்தவங்க நம்புற கோயில், கி.பி. 70-ல ரோமர்கள் இடிச்ச ரெண்டாம் ஆலயத்தோட வளாகத்துல மிஞ்சின, யூதர்கள் ஜெபிக்கிற மேற்குச் சுவர், அந்தச் சுவருக்கு மேல சுமார் 35 ஏக்கர்ல அல் அக்சா மசூதியும் தங்கக் கூரை போட்ட பாறைக் குவிமாடமும். மூணு மார்க்கத்துக்கும் உசுரு மாதிரி இடம், எல்லாம் கூப்பிடு தூரத்துல.

முதல் வேலை, இடம் யாரோடதுங்கிற கேள்விய மேஜை மேல வைக்காதீங்க. நம்ம ஆளுங்க உக்காந்ததுமே பட்டா, அடங்கல், தாத்தா காலத்து ரசீதுன்னு பையைத் திறப்பாங்க, மூடி வைக்கச் சொல்லுங்க. சொத்து அறநிலையத்துறையோடதா, வக்ஃப் போர்டோடதா, புறம்போக்காங்கிறத நீங்களோ நானோ ஊர்க்கவுண்டரோ ஜமாத் தலைவரோ கையெழுத்துப் போட்டு மாத்த முடியாது. வழிபாட்டுத் தலங்கள் சட்டம்னு 1991-ல வந்தது, 1947 ஆகஸ்ட் 15 அன்னிக்கு ஒரு இடம் எந்த மதத்து இடமா இருந்துச்சோ அப்படியேதான் இருக்கணும்னு சொல்லுது, அயோத்திக்கு விலக்கு உண்டு. அதனால பேப்பரோட தலைப்புல உரிமைங்கிற வார்த்தையே வராம, "நடைமுறை ஒப்புதல்"னு போடுங்க. ஜெருசலேம்லயும் ஓடிட்டு இருக்கிறது இந்த வழிதான். அப்ப அந்த ஊரை ஆண்ட ஒட்டோமான் துருக்கி சுல்தான்கள் 1757-ல ஒரு ஆணை, 1852-ல ஒரு ஆணை போட்டாங்க, கல்லறைக் கோயில்ல இன்னிக்கு யார் எதை வெச்சிருக்காங்களோ அது அப்படியே நிக்கட்டும்னு. யாருக்குச் சொந்தம்னு தீர்ப்பு சொல்லி முடிக்கல, நடக்கிறத நிறுத்தி வெச்சாங்க. 1856 பாரிஸ் ஒப்பந்தமும் 1878 பெர்லின் ஒப்பந்தமும் அதையே தாங்கிப் பிடிச்சுச்சு.

ரெண்டாவது, நடந்து எழுதணும். ஆபீஸ்ல உக்காந்து எழுதாதீங்க, தயவு செஞ்சு. ரெண்டு பக்கமும் 70 வயசுக்கு மேல ஆன ரெண்டு ரெண்டு பேரு, ஆம்பள ஒண்ணு பொம்பள ஒண்ணா கூட்டிக்கிட்டு அடிவாரத்துல இருந்து உச்சி வரைக்கும் ஏறுங்க, எஃப்.எம்.பி ஸ்கெட்ச், அதாவது சர்வே அளவு வரைபடம், நகல் ஒண்ணு கையில வெச்சுக்கோங்க, ஒவ்வொரு படி, ஒவ்வொரு விளக்கு மாடம், ஒவ்வொரு மரமா நின்னு இங்க என்ன நடக்கும், யார் செய்வாங்க, எப்ப செய்வாங்கன்னு கேட்டு எழுதுங்க. பொம்பளைங்கள விட்டுறாதீங்க, சுனையில யாரு எந்தப் பக்கம் தண்ணி மொண்டாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும். கல்லறைக் கோயிலுக்குள்ள கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கத் துறவிங்களான பிரான்சிஸ்கன் சபை, ஆர்மீனியர், காப்டிக், சிரியன், எத்தியோப்பியர்னு ஆறு சபை இருக்கு, அங்க தூண் யாருது, தொங்குற விளக்குல எத்தன யாருது, ஊர்வலம் எந்த வழியாங்கிற வரைக்கும் கணக்கு. படிக்கிறப்ப இவ்ளோ நுணுக்கமா தேவையான்னு தோணும். தேவைதான்.

இப்ப நான் எங்க தவறினேன்னு சொல்றேன், இதுதான் இந்த வேலையோட நடு உசுரு. அந்தப் பழைய பேப்பர்ல உரூஸ்ங்கிற தர்கா திருவிழா தேதி, முனியப்பன் பூஜை தேதி, மைக் நேரம், கெடா வெட்டுற இடம், எல்லாம் இருந்துச்சு. துடைப்பமும் சுண்ணாம்பும் இல்ல. ஒரு ஆடி மாசம் கீழ கோயில் பசங்க நல்ல மனசோடதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, அடிவாரத்துல இருந்து தர்கா வாசல் வரைக்கும் 62 படியையும் கூட்டிக் கழுவி சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையா அடிச்சுட்டாங்க. காலையில ஏறி வந்த பாய் ஒருத்தரு பாதிப் படியில அப்படியே நின்னுட்டாரு. கத்தல, சண்டை போடல, "மாப்ள, நேத்து வரைக்கும் இது படி, இன்னிக்கு இது உங்க கோயில் படி ஆயிடுச்சே"ன்னு மட்டும் கேட்டாரு. கேட்டவருக்குப் பதில் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரல. அடுத்த வெள்ளிக்கிழமை மேல இருந்து 20 படிக்குப் பச்சை பெயின்ட் வந்துச்சு, அதுக்கடுத்த வாரம் போலீஸ் வந்துச்சு.

பெத்லகேம்ல இயேசு பிறந்த கோயில்ல 2011 டிசம்பர்ல என்ன நடந்துச்சு தெரியுமா, திருநாளுக்கு முன்னாடி கோயிலைக் கூட்டிச் சுத்தம் பண்றப்ப கிரேக்க சாமியார்களும் ஆர்மீனிய சாமியார்களும் துடைப்பத்தாலயே அடிச்சுக்கிட்டாங்க, பாலஸ்தீன போலீஸ் உள்ள வந்து பிரிச்சு விட்டுச்சு. கூட்டுறதுக்கு ஏன் சண்டைன்னா, அந்த நடைமுறைப்படி ஒரு இடத்த யார் கூட்டுறாங்களோ, யார் ரிப்பேர் பண்றாங்களோ அவங்களுக்கு அதுல பாத்தியதை வந்துடும். நம்ம நிலத்துலயும் அப்படித்தானே, வேலி கட்டினவன், வரி கட்டினவன், அனுபவிச்சவன்னு கோர்ட்ல கேப்பாங்கல்ல. அதனால கூட்டுறது, கழுவுறது, வெள்ளையடிக்கிறது, பல்பு மாத்துறது, மரக்கிளை வெட்டுறது, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பாரா எழுதுங்க. கடைசியில "இந்த வேலையைச் செய்வதால் எவருக்கும் புதிய பாத்தியதை ஏற்படாது"ன்னு ஒரு வரி கட்டாயம் போடுங்க. என்னோட பழைய பேப்பர்ல அந்த ஒரு வரி இருந்திருந்தா அந்த பாய் படியில நின்னிருக்க மாட்டாரு.

அடுத்தது சாவி. மேல கேட்டு இருந்தா, உண்டியல் இருந்தா, மோட்டார் ரூம் இருந்தா சாவி யார் கையிலன்னு பேர் போட்டு எழுதணும், பேர்னா ஆள் பேர் இல்ல, வீடு. கல்லறைக் கோயில்ல ஆறு கிறிஸ்தவ சபைக்கும் ஒருத்தர் மேல ஒருத்தருக்கு நம்பிக்கை இல்லாததால சாவி ஜூதே குடும்பத்துகிட்ட, கதவைத் திறந்து மூடுறது நுசைபே குடும்பம், ரெண்டுமே முஸ்லிம் குடும்பம், 12-ஆம் நூற்றாண்டு சுல்தான் சலாவுதீன் காலத்துல இருந்து எங்க கையிலதான்னு அவங்க சொல்றாங்க. வெச்சிருக்கிறவன் வேற திறக்கிறவன் வேற, அது எவ்ளோ பெரிய யோசனை பாருங்க! ராத்திரி மூடுறப்ப கிரேக்க, பிரான்சிஸ்கன், ஆர்மீனியன்னு மூணு பெரிய சபையோட ஆளுங்களும் நிக்கணும். சாவி விஷயத்துல அசந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கும் அதே கோயில்ல உதாரணம் இருக்கு, மாடியில இருக்கிற டேர் எல் சுல்தான் மடத்துல 1970-ல காப்டிக் சாமியார்கள் ஈஸ்டர் பூஜைக்குக் கீழ போயிருந்த நேரம் எத்தியோப்பியர்கள் பூட்டை மாத்திட்டாங்க. அடுத்த வருஷம் இஸ்ரேல் சுப்ரீம் கோர்ட் காப்டிக் பக்கம் தீர்ப்பு சொல்லியும் சாவி திரும்பி வரல. நம்ம குன்றுக்கு நான் இப்ப எழுதுறது, ரெண்டு பூட்டு, ரெண்டு சாவி, மூணாவது செட் வி.ஏ.ஓ கிட்ட, பூட்டு மாத்தணும்னா ரெண்டு பேர் கையெழுத்து.

நாள் கணக்கு கொஞ்சம் மெனக்கெட்டு செய்ய வேண்டியது. உரூஸ் பிறைக் கணக்கு, முனியப்பன் பூஜை தமிழ் மாசக் கணக்கு. பிறை வருஷம் ஒவ்வொரு தடவையும் சுமார் 11 நாள் முன்னாடி வரும், அதனால இன்னிக்கு ஆறு மாசம் தள்ளி இருக்கிற ரெண்டு திருவிழாவும் ஒரு நாள் நேருக்கு நேர் வந்தே தீரும், அப்ப எழுதினவங்க பாதிப் பேரு இருக்க மாட்டோம். இப்பவே உக்காந்து வர்ற 35 வருஷத்துக்கு ஒரு அட்டவணை போட்டு, இடிக்கிற வருஷத்துக்கு எது காலையில எது சாயந்திரம், ஊர்வலம் யாருது முதல்லன்னு எழுதிடுங்க. 2022 ஏப்ரல் 15 அன்னிக்கு ஜெருசலேம்ல ரம்ஜான் மாசத்து வெள்ளிக்கிழமை, கிறிஸ்தவங்களுக்குப் புனித வெள்ளி, அன்னிக்கு சாயந்திரம் யூதர்களோட பஸ்கா ஆரம்பம், மூணும் ஒண்ணா விழுந்துச்சு, காலையிலயே அல் அக்சாவுல போலீசுக்கும் தொழ வந்தவங்களுக்கும் மோதல், நூத்துக்கு மேல காயம். பக்கத்து ஊர் ஹெப்ரோன்ல ஆபிரகாம் குடும்பத்துக் கல்லறைன்னு யூதர், முஸ்லிம் ரெண்டு பேரும் கும்பிடுற இடத்தை, 1994-ல அங்க தொழுதுட்டிருந்த முஸ்லிம்களை ஒரு யூதர் சுட்டுக் கொன்ன படுகொலைக்கு அப்புறம் ரெண்டாப் பிரிச்சு, வருஷத்துல 10 நாள் முழு இடமும் யூதர்களுக்கு, 10 நாள் முழு இடமும் முஸ்லிம்களுக்குன்னு வெச்சாங்க. துப்பாக்கிக் காவல்ல நடக்கிற ஏற்பாடு அது, அதைப் போய் நல்லதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா நாளை எண்ணி எழுதணும்ங்கிற பாடம் அதுல இருக்கு.

புதுப் பொருள் பத்தி ஒரு பாரா வேணும், இது பலபேருக்குத் தோணாது. பழக்கத்துல இல்லாத எதையும், பெஞ்சு, கொடிக்கம்பம், டிஜிட்டல் பேனர், சிசிடிவி, தண்ணி டேங்க், எதா இருந்தாலும் ரெண்டு பக்கத்துக் கையெழுத்து இல்லாம வைக்கக் கூடாது. 1928-ல யூதர்களோட பெரிய நோன்பு நாளான யோம் கிப்பூர்ல மேற்குச் சுவர் முன்னாடி ஆண் பெண் தனியா நிக்கிறதுக்கு ஒரு துணித் தடுப்பு வெச்சாங்க, அவ்ளோதான், ஒரு திரை. இன்னிக்குத் திரை நாளைக்கு ஜெபக்கூடம்னு முஸ்லிம்கள் பயந்தாங்க, அப்ப அங்க ஆண்ட வெள்ளைக்காரன் போலீஸ் பிடுங்கி எறிஞ்சுச்சு, அந்தக் கசப்பு ஊறி ஊறி 1929 ஆகஸ்ட் கலவரத்துல 133 யூதர்களும் 116 அரபுகளும் செத்தாங்க. 2002-ல கல்லறைக் கோயில் மாடியில ஒரு காப்டிக் சாமியார் வெயில் தாங்காம நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினாரு, 11 பேரு ஆஸ்பத்திரியில. 2017 ஜூலைல ரெண்டு போலீஸ்காரங்க கொல்லப்பட்டதும் அல் அக்சா வாசல்ல மெட்டல் டிடெக்டர் வெச்சாங்க, ஜனம் உள்ள போகாம ரோட்டுலயே தொழுதுச்சு, ரெண்டு வாரத்துக்குள்ள எடுக்க வேண்டியதாப் போச்சு. வைக்கிறவனுக்கு அது வசதி, பாக்கிறவனுக்கு அது எல்லைக்கல்லு.

ஆனா எல்லாத்தையும் அப்படியே உறைய வெச்சா ஏணி கதிதான், அதையும் மனசுல வெச்சுக்கோங்க. படி இடிஞ்சா, மழையில பாறை சரிஞ்சா யாரும் தொடக் கூடாதுன்னு இருந்தா பிள்ளைங்க விழுந்து சாகும். கல்லறை மேல இருக்கிற சின்ன மண்டபம் ரொம்ப நாளா சரியுற நிலையில இருந்து, 1947-ல ஆங்கிலேயர் இரும்புச் சட்டம் போட்டுத் தாங்க வெச்சுட்டுப் போனாங்க, அதைச் சரி பண்ண மூணு சபையும் ஒத்துக்கிட்டது 2016-லதான், வேலை முடிஞ்சது 2017 மார்ச். கிட்டத்தட்ட 70 வருஷம் இரும்புலயே நின்னுச்சு. அதனால அவசர ரிப்பேர்னு ஒரு பாரா எழுதி, பி.டபிள்யூ.டி இன்ஜினியரோ ஒன்றிய இன்ஜினியரோ ஆபத்துன்னு எழுதிக் கொடுத்தா 30 நாளுக்குள்ள செலவு பாதிப் பாதி, மேஸ்திரி மூணாவது ஊர்க்காரன், வேலை முடிஞ்சதும் பழைய நிறம் பழைய அளவுன்னு போடுங்க.

இப்ப சொல்றது கொஞ்சம் கசக்கும், இருந்தாலும் சொல்லணும். "மாமூல் பிரகாரம்"னு எழுதுறப்ப அந்த மாமூல் யாரை வெளிய நிறுத்துச்சுன்னும் பாருங்க. சுல்தான் ஆணை போட்ட அன்னிக்குப் பலமா இருந்தவங்களுக்குத்தான் தூணும் விளக்கும் கிடைச்சுச்சு, ஏழைப்பட்ட எத்தியோப்பியர்கள் மாடியில மண்குடிசையில கிடந்தாங்க. நம்ம குன்றுல காலனி ஜனம் படி ஏறக் கூடாதுன்னு ஒரு பழக்கம் இருந்துச்சுன்னா அதை நடைமுறைன்னு என் பேனா எழுதாது, அரசியல் சட்டம் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழிச்சாச்சு. அந்த ஜனத்துல இருந்தும் ரெண்டு பேரு கையெழுத்துப் போடணும், சாட்சியா இல்ல, தரப்பா. ரெண்டு பெரிய கூட்டமும் ராசியாகிறதுக்கு மூணாவது கூட்டத்தைப் பலி குடுக்கிறத நான் ரெண்டு ஊர்ல பாத்திருக்கேன், ரெண்டையும் எழுத மாட்டேன்னு எழுந்து வந்துட்டேன்.

நடுவர் யாருங்கிறதுல அவசரப்படாதீங்க. அந்த இடத்துல பங்கு இல்லாதவரா இருக்கணும். 1947 நவம்பர் 29-ல ஐ.நா போட்ட பிரிவினைத் தீர்மானத்துல ஜெருசலேம் யாருக்கும் இல்ல, ஐ.நா கவர்னர் கீழ தனி நகரம், 10 வருஷம் கழிச்சு திரும்பப் பார்ப்போம்னு இருந்துச்சு, அந்தத் தீர்மானத்துக்கு இந்தியா எதிராத்தான் ஓட்டுப் போட்டுச்சு. கவர்னர் வரவே இல்ல. 1948 சண்டையில மேற்கு ஜெருசலேம் இஸ்ரேலுக்கும் பழைய நகரம் ஜோர்டானுக்கும் போச்சு, புனித இடத்துக்குப் போக வழி விடுறதுன்னு 1949 போர் நிறுத்த ஒப்பந்தத்துல 8-வது பிரிவு இருந்தும் 1967 வரைக்கும் யூதர்களால மேற்குச் சுவருக்குப் போக முடியல. 1967-ல பழைய நகரத்தை இஸ்ரேல் பிடிச்சுச்சு, இப்ப சுவர் முன்னாடி இருக்கிற மைதானம் அப்ப மக்ரிபி குடியிருப்பு, அதைச் சில நாள்ல இடிச்சுத்தான் மைதானம் ஆச்சு. பாத்தீங்களா, காவல் காக்கிறவனே ஒரு கட்சியா இருந்தா எழுத்து எழுத்தாவே நின்னுடும். நம்ம விஷயத்துல ஆர்.டி.ஓ முன்னாடி அமைதிப் பேச்சுவார்த்தை வெச்சு, அந்த நடவடிக்கைக் குறிப்புலயே நம்ம ஒப்புதலை இணைப்பா சேர்த்துடுங்க. அதுக்கு மேலயும் முட்டிக்கிச்சுன்னா அனுபவம் யாருதுன்னு முன்ன பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 145-ல பாத்தத இப்ப அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ் சட்டம் 164-ல பாப்பாங்க, அதுவரைக்கும் போக விடாதீங்க, போனா கேட்டுக்கு சீல் விழுந்துடும், ரெண்டு சாமிக்கும் விளக்கு இருக்காது.

"நமக்குள்ள எதுக்குங்க எழுத்து, வாய்ப்பேச்சு போதாதா"ன்னு ஒரு பெரியவர் கண்டிப்பா சொல்லுவாரு. மரியாதையா அவருகிட்ட 1967 கதைய சொல்லுங்க. அந்த ஜூன் மாசம் இஸ்ரேல் பாதுகாப்பு மந்திரி மோஷே தயான் பாறைக் குவிமாடத்து மேல ஏத்தின இஸ்ரேல் கொடிய இறக்கச் சொன்னாரு, வளாகத்தை முஸ்லிம் வக்ஃப் நிர்வாகம் பண்ணட்டும், வெளிக் காவல் இஸ்ரேல், யூதர்கள் வந்து பாக்கலாம் ஜெபிக்கக் கூடாதுன்னு ஒரு ஏற்பாடு. ரெண்டு பக்கமும் உக்காந்து கையெழுத்துப் போட்ட பத்திரம் கிடையாது. 1994-ல இஸ்ரேல் ஜோர்டான் ஒப்பந்தத்துல ஜோர்டானோட பங்கை மதிக்கிறோம்னு ஒரு பிரிவு வந்துச்சு, ஆனா எந்த வாசல், எந்த நேரம், எத்தன பேருங்கிற விவரம் அதுல இல்ல. 2000 செப்டம்பர் 28-ல இஸ்ரேல் எதிர்க்கட்சித் தலைவர் ஏரியல் ஷரோன் போலீஸ் படையோட அங்க போனாரு, ரெண்டாவது இன்டிஃபாடாங்கிற பாலஸ்தீன எழுச்சி வெடிச்சுச்சு. சமீப வருஷத்துல யூதர்கள் அங்க வெளிப்படையாவே ஜெபிக்கிறது கூடிட்டே போகுது. பேசினவங்க போயிட்டாங்க, பேச்சு என்னன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

எழுதுற தமிழ் எப்படி இருக்கணும்னா, மேற்படி, இன்னபிற, முதலான மாதிரி வார்த்தை கூடாது. ஒவ்வொரு "முதலான"வும் ஒரு வழக்கு. படின்னா எத்தனையாவது படி, சாயந்திரம்னா எத்தன மணி. படிக்கத் தெரியாதவங்களுக்கும் காதுல விழுற மாதிரி பேச்சு வழக்குல ஒரு நகலும் வெச்சுக்கோங்க. நாலு காப்பி, தர்காவுல ஒண்ணு, கோயில்ல ஒண்ணு, வி.ஏ.ஓ கிட்ட ஒண்ணு, ஸ்டேஷன்ல ஒண்ணு. வருஷத்துக்கு ஒரு தடவை, உரூஸ் கொடி ஏத்துறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, முதல் படியில நின்னு சத்தமா வாசிக்கணும், ரெண்டு பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாத்தி மாத்தி வாசிச்சா இன்னும் நல்லது.

அந்தக் குன்றுக்கு ரெண்டாவது தடவை எழுதினப்ப 14-வது பாராவுக்கு மட்டும் ஒரு முழுப் பகல் ஆச்சு, மாங்காய் சீசன், வெயில் மண்டைய பொளக்குது, ஒருத்தரும் எழுந்து போகல. அது இப்படி இருக்கு: "62 படிகளுக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும். காவி இல்லை, பச்சை இல்லை. சுண்ணாம்பு ஒற்றைப்படை வருடம் கோயில் தரப்பு, இரட்டைப்படை வருடம் தர்கா தரப்பு, தைப்பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு காலை 7 மணிக்கு மூன்று தரப்பு இளைஞர்களும் சேர்ந்து, கீழிருந்து மேலாக ஆளுக்கொரு படியாக அடிப்பது."